நாகூர் கனி சொன்ன புத்தி

சிங்கப்பூர் தஞ்சோங் பகார் துறையில் நாகப்பட்டினத்துக் கப்பல் கரையைப் பிடித்தால், சுங்கக்காரர்களுக்கு முன்னால் நாகூர் கனி போய் நின்றுவிடுவார். ஒரு கப்பல் ஏஜண்டுக்காக, மேல்தட்டில் படுத்துவந்த டெக் பயணிகளை இறக்கி, மூட்டை முடிச்சோடு கடைத்தெருவில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர் வேலை. புத்தி சொல்வது அந்த வேலையில் சேராது. அதை அவராகவே சேர்த்துக்கொண்டார்.

ரிக்‌ஷாவில் ஏறுவதற்கு முன்பே கூலி பேசிவிட வேண்டும். வெயில் எப்படிக் கொளுத்தினாலும் குடை இல்லாமல் கிளம்பக் கூடாது, இந்த ஊர் மழை சொல்லிக்கொண்டு வராது. கொதிக்காத தண்ணீரைத் தொடாதே. தேக்கா பக்கம் மாட்டு மந்தை வந்தால் சாக்கடை ஓரமாக ஒதுங்கு. மலாய்க்காரர் பிள்ளையின் தலையைத் தடவாதே, ஆள்காட்டி விரலால் எதையும் சுட்டாதே, பெருவிரலால் காட்டு. இதெல்லாம் நல்ல புத்திதான், நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் சொல்லி முடித்தபின், சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்துவார்.

"இன்னொண்ணு. வயசுப் பொண்ணு இருக்கிற மலாய் வீட்டுல மட்டும் கை நனைச்சுடாதீங்க. மருந்து வச்சுடுவாங்க. அப்புறம் ஊர்ல பொண்டாட்டி முகமே மறந்துரும்."

கப்பல் ஆட்டத்தில் முகம் வெளிறிப்போய் இறங்கியவர்கள்கூட அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிலர் பயப்படுவார்கள். இரண்டுமே கனிக்குப் பிடிக்கும்.

இப்படிச் சொன்ன மனிதர் வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ முடிந்ததும் எங்கே போய்ச் சாப்பிட்டார் என்று நினைக்கிறீர்கள்? கம்போங் கிளாமில், ஹலீமா என்ற மலாய் விதவையின் வீட்டில். ஹலீமாவின் கணவர் யாக்கூப் நாகூர்க்காரர், கோரைப்பாய் வியாபாரி. கனி முதன்முதலாகக் கப்பலிறங்கியபோது படுக்க இடமும் தின்னச் சோறும் கொடுத்தவர் அவர்தான். அவர் மவுத்தான பிறகு அந்த வீட்டுக் கூரைக்கு ஓலை மாற்றுவது, கடைத்தெருவிலிருந்து அரிசி கொண்டுபோய்ப் போடுவது எல்லாம் கனி பார்த்துக்கொண்டார். அந்த வீட்டில் மைமூன் இருந்தாள், யாக்கூபின் ஒரே மகள். அவளிடம் அவர் நேருக்கு நேர் பேசியதில்லை. ஆனாலும் மனம் முழுக்க அவள்தான். கேட்டால் ஹலீமா கொடுத்துவிடுவாள் என்று அவருக்கும் தெரியும். கேட்பதற்கு ஒரு பெரியவர் வேண்டும், அதுதான் முறை. கனிக்கு இந்தக் கரையில் சொந்தமென்று யாருமில்லை.

அந்த வருஷம் அவருடைய தாய்மாமன் ஒலி முகம்மது மரைக்காயர் சிங்கப்பூரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று கப்பலேறி வந்தார். தள்ளாத வயதில்லை, ஆனால் சொன்னதைக் கேட்கிற மனிதர். துறைமுகத்தில் கனி வழக்கமான புத்தியெல்லாம் சொன்னார். மற்றவர்கள் சிரித்தார்கள், மாமா மட்டும் தலையை ஆட்டி ஆட்டி மனத்தில் வாங்கிக்கொண்டார். பிறகு டிராமில் ஏற்றி ஊரெல்லாம் சுற்றிக் காட்டியபோது, கடலைக் காட்டினாலும் கட்டடத்தைக் காட்டினாலும் மாமா பெருவிரலால்தான் காட்டினார்.

ஒரு நாள் கனி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"மாமா, நீங்கதான் எனக்காகப் போயிப் பொண்ணு கேக்கணும்."

"கேட்டாப் போச்சு. யாரு வீடு?"

"நம்ம நாகூர் யாக்கூப் நானா மக."

அவ்வளவுதான் சொன்னார். பெண்ணின் தாய் மலாய்க்காரி என்பதை விழுங்கிவிட்டார். ஊருக்குத் தெரிந்தால் என்ன பேசுவார்களோ என்ற வெட்கம். உண்ட வீட்டைச் சொல்லக் கூசிய மனிதரை என்னவென்று சொல்வது?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து இருவரும் போனார்கள். ஹலீமா மலாய்ப் பெண்கள் கட்டும் பூப்போட்ட பாத்திக் கைலி புதிதாகக் கட்டி, வாசலுக்கே வந்து, கையை நெஞ்சில் வைத்து மாமாவை வரவேற்றாள். மாமா கனியைப் பார்த்தார். கனி தரையில் விரித்திருந்த பாயின் பின்னலைப் பார்த்தார். மஞ்சள் போட்டு அவித்த பசையரிசிச் சோறும் தேங்காய் வறுத்துப் போட்ட கோழிக் கறியும் வந்தன. அன்றைக்கென்று விடியற்காலையிலிருந்து சமைத்திருக்கிறாள். மாமா கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

"சாப்பிடுங்க மாமா" என்றார் கனி.

"நீதானே தம்பி சொன்னே, வயசுப் பொண்ணு இருக்கிற மலாய் வீட்டுல கை நனைக்கக் கூடாதுன்னு? மருந்து வைப்பாங்கன்னு?" மாமாவின் குரலில் கோபமே இல்லை. "எனக்கு ஊர்ல பேரப்புள்ளைங்க இருக்குப்பா."

கனிக்குக் காது சுட்டது. ஹலீமா மலாயில் கேட்டாள், "என்ன சொல்றாரு?"

"வயிறு சரியில்லையாம்."

ஹலீமா பதறிப்போனாள். "அப்பச் சும்மா ஒரு விரலாலயாவது சோத்தைத் தொட்டுடச் சொல்லு. வச்ச சாப்பாட்டைத் தொடாமப் போனா வழியில ஏதாவது ஆபத்து வந்துரும்." மலாய்க்காரர்களிடம் அப்படி ஒரு நம்பிக்கை உண்டு. விருந்தாளிக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற கவலை அது. கனி அதை அப்படியே தமிழில் சொன்னார். மாமா கையை இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார்.

"தொட்டாலே பிடிச்சுக்குமா?" என்று கேட்டார்.

அந்த இடத்தில் கனி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமா, நான் சொன்னது பொய், இந்த வீட்டுச் சோற்றில்தான் என் உடம்பு வளர்ந்தது என்று. சொன்னால் மாமா முன்னால் புளுகனாகிவிடுவோமே என்று வாயை மூடிக்கொண்டார். கப்பல் கப்பலாக வந்தவர்களுக்கெல்லாம் கேளாமலே சொன்ன வாய், சொல்ல வேண்டிய இடத்தில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அவர்மேல் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

ஹலீமா அடுப்படிக்குப் போனாள். வயிற்றுக்கு இதமாகக் கஞ்சி காய்ச்சினாள். வெகுநேரம் ஆயிற்று. இருவரும் ஆறிப்போகிற சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் கஞ்சிக் கோப்பையை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து வந்தது மைமூன். மாமாவுக்கு எதிரில் மண்டியிட்டு உட்கார்ந்து, கரண்டியால் ஒரு வாய் எடுத்துத் தானே குடித்தாள். பிறகு வேறொரு கரண்டியைக் கோப்பையில் போட்டு மாமா பக்கம் தள்ளி வைத்தாள்.

"இப்ப நீங்க சாப்பிடலாம் மாமா. எங்க வாப்பா குடிச்ச கோப்பைதான்."

சுத்தமான நாகூர்ப் பேச்சு. யாக்கூப், தன் மனைவியிடம் மலாய் பேசினாலும் மகளிடம் தமிழ்தான் பேசியிருக்கிறார். கனி இத்தனை காலமாக அந்த வீட்டில் சாப்பிட்டும் அதைத் தெரிந்துகொள்ளவில்லை.

மாமாவுக்கு முகம் செத்துவிட்டது. "என்னை மன்னிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்தார். அடிவரைக்கும் குடித்தார். மஞ்சள் சோற்றிலும் கை வைத்தார். கனியால் எதையும் தொட முடியவில்லை. மைமூன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்று தலையை நிமிர்த்தவே முடியவில்லை, அப்படிக் கூனிக்குறுகிப்போயிருந்தார். மைமூன் உள்ளே போகாமல் திரையோரம் நின்றாள்.

மாமா கையைக் கழுவிவிட்டுக் கனியிடம் சொன்னார், "நல்ல பொண்ணு தம்பி. நல்ல வீடு. கேட்டுரவா?"

ஹலீமா ஆவலாகக் கனியின் வாயைப் பார்த்தாள். "என்ன சொல்றாரு?"

"கஞ்சி நல்லா இருந்துச்சாம்" என்றார் கனி மலாயில்.

"அவ்வளவுதானா? வேற விஷயம் ஒண்ணும் இல்லையா?"

"இல்லை. மாமா ஊர் பார்க்க வந்தவரு. உங்களையும் பார்த்துட்டுப் போகலாம்னு கூட்டிட்டு வந்தேன்."

ஹலீமா மிச்சச் சோற்றை மூடி வைத்தாள். பிறகு கைலியை நீவிவிட்டுக்கொண்டு, "அப்ப ஊரை நல்லாச் சுத்திக் காட்டு. இங்க எது எப்படின்னு உன்னைவிட யாருக்குத் தெரியும்" என்றாள்.

மைமூனுக்கு இரண்டு பேச்சும் புரிந்தது. அவள் காலிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.