நாங்கள் திட்டமிட்ட தீவு

தேசப்படப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன் அத்தான் கைகளை மூன்று முறை துடைத்தார். முதலில் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில், பிறகு கொடியில் கிடந்த துவாயில், அதிலும் திருப்தி இல்லாமல் தன் சேட்டின் நெஞ்சுப் பக்கத்தில். வயலால் வந்து கிணற்றடியில் கால் கழுவிவிட்டு நேரே என் மேசையடிக்கு வந்திருந்தார். பள்ளிக்கூட நூலகத்திலிருந்து நான் கொண்டுவந்த பழைய புத்தகம் அது. இந்து சமுத்திரப் பக்கத்தில் நீலம் வெளிறிப்போயிருந்தது. தன் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இது எங்க கிடக்குது ரீச்சர்?" என்று கேட்டார். வெள்ளை மணல், கடலைப் பார்த்துச் சாய்ந்த தென்னைகள், ஒரு காலடித் தடமும் இல்லாத கரை. கீழே எழுதியிருந்த பெயரைத் தேடி, சமுத்திரத்தின் நடுவில் எறும்பு மொய்த்ததுபோல் கிடந்த புள்ளிகளில் ஒன்றைக் காட்டினேன். அவர் குனிந்து நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து அவருடைய தகப்பன் காலத்தில் காணி கிடைத்துக் கண்டாவளைப் பக்கம் வந்து, குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்த குடும்பம். இடுப்பளவு வாய்க்காலுக்கு மேல் அவருக்குத் தண்ணீர் தெரியாது. நீந்தத் தெரியாது. ஆனையிறவால் பஸ்ஸில் போகும்போதுகூட, இரண்டு பக்கமும் தண்ணீர் விரிகிற இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு நித்திரைபோல் இருப்பார். சண்டை முடிந்து முகாமிலிருந்து வெளியே வந்தபோது அக்காவும் நானும் மட்டும்தான் மிஞ்சியிருந்தோம். அக்காவைக் கலியாணம் பேசி வந்தவர் கேட்டது ஒன்றுதான்: "தங்கச்சியும் எங்களோடதான் இருக்கோணும்." என்னைக் கம்பஸுக்கு அனுப்பிப் படிப்பித்ததும் அவர்தான். நான் புவியியல் ஆசிரியையாக வேலை கிடைத்து வந்த நாளிலிருந்து, முதலில் பகிடியாகவும் பிறகு பழக்கமாகவும் என்னை ரீச்சர் என்றே கூப்பிட்டார்.

டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற வருடம் அது. அந்தக் காலபோக நெல்லைப் பசளை இல்லாமல் விதைத்து, அரைவாசி பதராகத்தான் வெட்டினோம். மாலையில் மின்சாரம் போய்விடும். விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு நாலு பேரும் விறாந்தையில் பாய் போட்டு இருப்போம். அந்த நேரத்தில்தான் தீவுப் பயணம் எங்கள் வீட்டுக்குள் வந்தது. மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் தீவுகளைப் பற்றி எழுதிவர ஒப்படை கொடுத்திருக்கிறார்கள் என்றார் அத்தான். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. என் அக்காவின் மகள் என்றாலும் எனக்கும் அவள் மகள்தான். என்ன கொண்டுபோக வேண்டும் என்று அவள் பட்டியல் போடத் தொடங்கினாள். தேங்காய் திருவலை, தாயக்கட்டை, கொட்டிலில் நின்ற ஆட்டுக்குட்டி. ஆட்டுக்குட்டிக்கு அங்கே குழை இருக்குமா என்று அக்கா கேட்டாள். சிரித்தோம். அந்த வருடத்தில் நாங்கள் சிரித்தது அந்தத் திட்டத்தைப் பற்றித்தான்.

அத்தானின் கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. நல்ல தண்ணீர் ஊறுமா, மழை எத்தனை மாதம், காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கும், அந்தப் பக்கம் கப்பல் போகுமா. எங்கள் குடும்பத்தில் யாரும் அதுவரை நான் படித்ததைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது. நூலை வைத்து தூரம் அளந்து, எங்கள் ஊரிலிருந்து கொழும்புக்குப் போகும் தூரத்தைப்போல் ஏழு மடங்கு வரும் என்று சொன்னேன். பருவக்காற்றைப் படம் போட்டுக் காட்டினேன். ஒருநாள், "எந்த மாசம் கடல் படுத்துக் கிடக்கும் ரீச்சர்?" என்று கேட்டார். "பங்குனிக் கடைசியும் சித்திரையும் அத்தான். ஒரு காற்று விட்டு மற்றக் காற்றுப் பிடிக்க முதல்" என்றேன். அவர் பசளை வாங்கும் பழைய காகிதத் துண்டின் பின்பக்கத்தில் "சித்திரை" என்று எழுதி, மடித்துச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்பது வயதுப் பிள்ளையின் ஒப்படைக்கு இதெல்லாம் எதற்கு என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க விரும்பவில்லை என்றுதான் இன்றைக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு சனிக்கிழமை காலை நெல் எடுக்க அறைக்குள் போனேன். வழக்கமாகக் கூரைவரை அடுக்கியிருக்கும் மூட்டைகள் அந்த முறை இடுப்பளவுகூட இல்லை. அதனால்தான் பின்னால் செருகியிருந்த சாக்கு கண்ணில் பட்டது. பிரித்தால், கடலில் மிதப்பதற்குப் போடுகிற செம்மஞ்சள் சட்டைகள். இரண்டு பெரியவை, ஒன்று சின்னது. சின்னதின் கழுத்துப் பக்கத்தில் அத்தானின் கையெழுத்தில் மகளின் பெயரும், அதன் கீழே அவளுடைய இரத்தப் பிரிவும் எழுதியிருந்தது. மூன்றுதான் இருந்தன. நான் அந்தக் கணக்கில் இல்லை என்பது அப்போது மனதில் படவே இல்லை. பெயருக்குக் கீழே இருந்த அந்த இரண்டு எழுத்துகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். குசினியில் அக்கா என்னைக் கூப்பிடுவது கேட்டதும் சட்டைகளைப் பழையபடி சாக்குக்குள் வைத்துக் கட்டினேன்.

எனக்குத் தண்ணீர்ப் பயம் இருக்கிறது. பதினாலு வயதில், சண்டையின் கடைசி நாட்களில், கடலோரக் களப்புக்குள் இறங்கி மறுகரைக்கு நடந்தவர்களில் நானும் ஒருத்தி. தண்ணீர் அக்காவுக்கு நெஞ்சளவு, எனக்குக் கழுத்தளவு. அக்கா என் தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். அப்பா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார். கரையேறித் திரும்பிப் பார்த்தபோது எங்களுக்கு முன்னாலும் அவர் இல்லை, பின்னாலும் இல்லை. இதைப் பற்றி அக்காவும் நானும் கதைப்பதில்லை.

அத்தான் வாய்க்கால் வரம்பில் நின்று புல் செதுக்கிக்கொண்டிருந்தார். வெயில் ஏறியிருந்தது.

"அத்தான், அந்தச் சட்டையள் ஆருக்கு?"

மண்வெட்டியைக் கீழே வைத்தார். பொய் சொல்லவில்லை. "கண்டிட்டியோ பிள்ளை" என்றார். அன்றைக்கு ரீச்சர் என்று கூப்பிடவில்லை.

"ஒரு ஆள் கூட்டிக்கொண்டு போறன் எண்டவன். அந்தத் தீவில இறங்கினா, அதை வச்சிருக்கிற வெளிநாட்டுக்காரங்கள் பொறுப்பெடுப்பாங்களாம். திருப்பி அனுப்பமாட்டாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"போறவை எல்லாரும் சொல்லினம்."

"போய்ச் சேந்தவை ஆரும் சொன்னவையோ?"

அவர் வயலைப் பார்த்தார். "இஞ்ச பார். டீசல் இல்லாம மிசின் நிக்குது. அடுத்த போகத்துக்குப் பசளை வருமோ எண்டு ஆருக்கும் தெரியாது. பிள்ளை இண்டைக்கு என்ன சாப்பிட்டது எண்டு உனக்குத் தெரியும்தானே. நான் இதுக்குள்ளயே நிண்டு என்ன செய்ய?"

"நான் கடலில காலே வச்சதில்லை அத்தான். புத்தகத்தில கிடந்ததத்தான் சொன்னனான்."

"புத்தகத்தில பிழையா எழுதுவினமே" என்றார். உண்மையாகவே கேட்டார். அந்த நம்பிக்கைதான் எனக்குப் பயத்தைத் தந்தது. யாரிடமாவது போய்ச் சொல்லலாமா என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்தேன். சீருடை போட்டவர்களிடம் போய் வீட்டு ஆளின் பெயரைச் சொல்கிற துணிவு எங்கள் பக்கத்தில் எவருக்கும் இல்லை. எனக்கும் இருக்கவில்லை. அக்காவிடம்தான் சொன்னேன், சட்டைகளைப் பற்றி மட்டும். மாதத்தைப் பற்றிச் சொல்லவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. மத்தியானம் அத்தானுக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்து சொன்னாள்: "ஒருக்கா நான் தண்ணிக்குள்ளால ஒரு பிள்ளையைக் கொண்டு போனனான். இன்னொருக்கா மாட்டன். நீங்கள் போறதெண்டால் தனியப் போங்கோ." அவர் பிசைந்த சோற்றைச் சாப்பிட்டு முடித்தார். அவரை ஏன் முழுதாகத் தடுக்கவில்லை என்று பின்னர் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "நிப்பாட்டியிருந்தா, மனசால அந்தத் தீவில இருந்துகொண்டுதான் இஞ்ச சோறு திண்டிருப்பார்" என்றாள்.

வருடப்பிறப்பு முடிந்த கிழமை, வவுனியாவுக்கு உதிரிப்பாகம் வாங்கப் போகிறவரைப்போல் காலை பஸ்ஸில் ஏறிப் போனார். கையில் ஒரு துணிக்கடைப் பை. மகள் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். அவளுடைய சப்பாத்து நாடாவை அவரே கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நாலாம் நாள் வரை தொலைபேசி அடித்து அடித்து நின்றது. பிறகு அடிக்கவும் இல்லை. அப்பா எங்கே என்று மகள் கேட்டபோது, வவுனியாவில் வேலை என்றோம். நான் பள்ளிக்கூடம் போய் வந்தேன். பத்தாம் வகுப்புக்குப் பருவக்காற்றுப் பாடம் வந்தது. கரும்பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டு நிற்கையில் கை தானாக நின்றுவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள். கைத்தொலைபேசியில் படகு என்று ஒரு செய்தி வந்தால் முழுவதையும் வாசிக்கமாட்டேன். எத்தனை பேர், எந்தக் கரை என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். வைகாசி பிறந்த மூன்றாம் நாள் காலை, முற்றத்தில் நின்ற பனையின் ஓலைகள் எல்லாம் வடகிழக்குப் பக்கமாகப் படிந்து கிடந்தன. தென்மேற்குக் காற்றுப் பிடித்துவிட்டது. புத்தகத்தில் எழுதியிருந்தபடியே, அந்த மாதத்தில், அந்தத் திசையிலிருந்து. படித்த பாடம் சரியாக வந்ததற்காக நான் அதற்கு முன் ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை.

அன்றைக்குத்தான் சொல்லாமல் இருக்க முடியவில்லை. குசினியில் அக்கா தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, சித்திரையில கடல் அமைதி எண்டு சொன்னது நான்தான். அவர் கேட்டவர், நான் சொன்னனான்."

"தெரியும்" என்றாள். திருவுவதை நிறுத்தவில்லை. "போற அண்டைக்குக் காலமை சொன்னவர். 'பயப்பிடாதை, ரீச்சர் பாத்துத் தந்த மாசம்' எண்டு." பாதித் தேங்காயைத் திருப்பிப் பிடித்தாள். "அதை நம்பித்தான் நானும் விட்டனான்."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அழுதிருப்பேன். ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது, கிணற்றடிக்குப் போய் வாளி வாளியாகத் தண்ணீர் அள்ளித் தென்னைக்கு ஊற்றினேன். பிறகு பள்ளிக்கூடம் போனேன்.

முப்பத்து நாலாம் நாள் என்று அக்கா சொல்லுவாள். நான் எண்ணுவதை இடையில் விட்டுவிட்டேன். மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது சன்னலால் பார்த்தேன். பள்ளிக்கூட வாசல் படலையடியில் அக்கா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வீட்டுச் சட்டை, கட்டாத தலைமயிர். வகுப்பிலிருந்து படலைக்கு ஒரு நிமிட நடைதான். அந்த ஒரு நிமிடத்தில், யார் யாருக்குச் சொல்ல வேண்டும், மகளை யார் பள்ளியிலிருந்து கூட்டி வருவது என்று எல்லாம் யோசித்து முடித்துவிட்டேன். சைக்கிள் கைபிடியில் இருந்த அவள் கையை நான் பிடித்தேன்.

"போனில கதைச்சவர்" என்றாள்.

ஒன்பதாம் நாள் படகின் இயந்திரம் நின்றுவிட்டதாம். காற்று இழுத்த பக்கம் போயிருக்கிறார்கள். வேறு நாட்டு மீன்பிடிக் கப்பல் ஒன்று கண்டு, தன் துறைமுகத்துக்குக் கட்டி இழுத்துப் போயிருக்கிறது. அங்கிருந்து விமானத்தில் திருப்பி அனுப்பினார்கள். கொழும்பில் நீதிமன்றத்தில் நிறுத்திப் பிணையில் விட்டார்கள். வீட்டுக்கு வந்தபோது உதடும் காதும் தோலுரிந்து, அரைவாசி ஆளாக இருந்தார். மகள் முதலில் கிட்டப் போகவில்லை. எங்களிடம் அவர் அந்த நாட்களைப் பற்றிச் சொன்னது மிகக் கொஞ்சம். "அந்தத் தீவை ஒருத்தரும் காணேல்ல ரீச்சர். நாலு பக்கமும் ஒரே மாதிரி இருந்தது." அவ்வளவுதான். அந்த மாதம் சரியாக இருந்ததா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

இப்போது பசளை வருகிறது, டீசலும் வருகிறது. நெல் விளைகிறது. மகள் பெரிய வகுப்புக்கு வந்துவிட்டாள். அத்தான் பழையபடி விடியவே வயலுக்குப் போகிறார். ஆனால் எங்கள் வீட்டில் பயம் நிரந்தரமாகக் குடியிருக்கிறது. அவர் கைத்தொலைபேசியைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தால் அக்கா குசினியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள். ஊரில் இன்னும் சிலர் போகப் போகிறார்கள் என்று கதை வந்தால் அவருக்கு முன்னால் யாரும் அதை எடுப்பதில்லை.

போன கிழமை, நீர்ப்பம்பிக்கு ஒரு பாகம் தேவை என்று வவுனியாவுக்குப் போனார். ஒரு மணிக்கு வருவேன் என்றவர் மூன்று மணியாகியும் வரவில்லை. தொலைபேசி வேலை செய்யவில்லை. அக்கா பள்ளிக்கூடத்துக்கே அழைப்பெடுத்தாள். "சந்தியில ஒருக்காப் போய்ப் பார்" என்றாள். நான் ஸ்கூட்டியில் பரந்தன் சந்திக்குப் போய், வவுனியாவிலிருந்து வரும் பஸ்கள் நிற்கிற இடத்தில் வெயிலில் நின்றேன். முதல் பஸ்ஸில் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது பஸ்ஸின் பின்கதவால் அவர் இறங்கினார். பத்திரிகையில் சுற்றிய ஏதோ ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"போனில சார்ஜ் இல்லை. கடையும் பூட்டு. திறக்குமட்டும் நிண்டனான்" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "என்னைக் காவல் காக்கிறியோ?"

"ஓம் அத்தான்" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. பொதியை ஸ்கூட்டியின் முன்பக்கத்தில் கவனமாக வைத்தார். என் பின்னால் ஏறி இருந்துகொண்டு, "உன்ர அக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லு, வந்திட்டன் எண்டு" என்றார்.