டாக்டரின் இடது கன்னம்

அறுபதுகளின் தொடக்கம். சிவகாசியில் காலண்டர் சீசன். தீபாவளி வேட்டு லோடு எல்லாம் போய்ச் சேர்ந்ததும் ஊரே அச்சாபீஸ் பக்கம் திரும்பிவிடும். நான் அப்போது ஓர் அச்சாபீஸில் சாமி படங்களுக்குத் தங்கப்பொடி போடும் வேலையில் இருந்தேன். முருகனுக்குக் கிரீடம், லட்சுமிக்குக் காசுமாலை என்று எங்கே மின்ன வேண்டுமோ அங்கே மட்டும் பசை மாதிரி ஒரு மையை அடித்து அனுப்புவார்கள். அது காய்வதற்குள் நாங்கள் பஞ்சில் பொடியைத் தொட்டுத் தடவ வேண்டும். தங்கம் என்று பேர்தான், பித்தளைப் பொடி. மூச்சு விட்டாலே பறக்கும். சாயங்காலம் வேலை விட்டு வரும்போது எங்கள் மூஞ்சியும் அந்தப் படங்கள் மாதிரியே மின்னும்.

எனக்கு இருபத்திரண்டு வயது. முகம் முழுக்கப் பரு. வயசில் வரும் சாதாரணப் பரு இல்லை. சீழ் வைத்து, தலையணையில் கன்னம் பட்டால் குத்தும் பரு. ஒரு நாள் லீவு போட்டு பஸ் ஏறி விருதுநகர் போனேன். அங்கே தோல் வியாதி பார்க்கும் டாக்டர் ஒருவர் தன் வீட்டு முன்னறையிலேயே வைத்தியம் பார்த்தார். கந்தகம் கலந்த களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். "மேல்தோல் லேசா உரியும், பயப்படாதே. தினமும் முகத்தைக் கழுவிட்டுப் போடு" என்றார். அவ்வளவுதான் பேச்சு.

களிம்பின் நாற்றம் காலையிலும் போகாது. அச்சாபீஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஏ புள்ள, பாத்து! யாராவது ஒன் கன்னத்துல தீக்குச்சிய உரசிரப் போறாக, பத்திக்கிரும்" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். எனக்குக் கோபம்தான் முதலில் வரும், இன்றைக்கும் அப்படித்தான்.

டாக்டர் கழுவச் சொன்னாரா, நான் கழுவினேன். எப்படி? துணி துவைக்கிற பார் சோப்பைப் போட்டு, காய்ந்த பீர்க்கங்காய் நாரால் தேய்த்து. ஒரு நாளைக்கு மூன்று தடவை. தங்கப்பொடி லேசில் போகாது. அழுக்கு இருந்தால் மருந்து எப்படி உள்ளே இறங்கும் என்பது என் கணக்கு. குளிக்கிற சோப்பு எல்லாம் வாசனைக்குத்தான், அழுக்கை எடுக்கிற சோப்பு துணி சோப்புதான் என்று நம்பினேன். எரிந்தால் மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான், வேறென்ன சொல்ல?

பத்தாம் நாள் என் முகம் வெந்த கிழங்கு மாதிரி ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் ஓரம் வெடித்து ரத்தம் வந்தது. கன்னத்தில் நீர் கசிந்தது. அச்சாபீஸில் ஒருத்தி, "இது அம்மைடீ, இருக்கன்குடி மாரியாத்தாளுக்கு நேந்துக்கோ" என்று தள்ளி உட்கார்ந்தாள். மறுநாள் மேஸ்திரி என்னை வாசலிலேயே நிறுத்தினார். "மூஞ்சி சரியானா வா. சரியாகலைன்னா வராத. மத்த பொம்பளைக பயப்படுறாக."

நேரே விருதுநகர் பஸ். டாக்டர் வீட்டுக்குள் நுழையும்போதே கத்தினேன்.

"என்னய்யா மருந்து குடுத்தீக? மூஞ்சிய வேக வச்சிட்டீகளே! இதுக்குத்தான் படிச்சு டாக்டரானீகளா?"

காத்திருந்தவர்களில் இரண்டு பேர் எழுந்து போய்விட்டார்கள். எனக்கு அப்போது அது திருப்தியாகக்கூட இருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். "எதை வச்சுக் கழுவுற?"

"எதை வச்சுக் கழுவுவாக? சோப்பை வச்சுத்தான்."

"என்ன சோப்பு?"

அச்சாபீஸ் குழாயில் கழுவுவதற்காகப் பையிலேயே ஒரு துண்டு வைத்திருப்பேன். எடுத்து மேஜைமேல் போட்டேன். அவர் அதை முகர்ந்தார். நுனி நாக்கில் வைத்தார். முகம் கோணியது. "நாக்குலேயே சுடுதே! எம்புட்டு நேரம் தேய்ப்ப?"

"பொடி போற வரைக்கும்."

"என்ன பொடி?"

வேலைச் சேலையின் முந்தானையை உதறினேன். அவர் மேஜையெல்லாம் தங்கமாய் மின்னியது. ஒரு துளி விடாமல் காகிதத்தில் கூட்டி எடுத்து மடித்து வைத்தார். பிறகு சொன்னார்: "தப்பு எம்மேலயும் இருக்கு. கழுவுன்னு சொன்னேன். நீ எதை வச்சுக் கழுவுறன்னு கேக்கலையே."

நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஆம்பிளை ஒருவர் தன் தப்பைச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. மேஸ்திரி சொல்ல மாட்டார், முதலாளி சொல்ல மாட்டார்.

களிம்பை நிறுத்தச் சொன்னார். பத்து நாள் வெறும் தண்ணீர் மட்டும், கையே படக் கூடாது. "சோப்பை இங்கயே வச்சிட்டுப் போ." தூக்கி எறியப் போகிறார் என்று நினைத்தேன்.

அந்தப் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். அம்மா கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டிவிட்டாள். எரிச்சல் அடங்கியது, ஆனால் கன்னம் இரண்டும் கருகிய மாதிரி இருந்தது. இது இப்படியே நின்றுவிட்டால்? இந்த மூஞ்சியை எந்த அச்சாபீஸ் உள்ளே விடும்? அழ மாட்டேன் நான். அந்த வாரம் அழுதேன்.

பதினோராம் நாள் போனபோது கதவைத் திறந்தது டாக்டரின் மனைவி.

"நீதானா அந்தத் தங்கப்பொடிக்காரி? வா தாயி, வந்து பாரு நீ செஞ்ச வேலைய!"

அன்றைக்குக் கத்தியதற்குத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். உள்ளே டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்தேன். இடது கன்னம் என் கன்னம் மாதிரியே சிவந்து, வெடித்து, மூக்கோரம் செதில் செதிலாக உரிந்திருந்தது. நெற்றியில் கொஞ்சம் சிவப்பு. வலது கன்னத்தில் ஒன்றுமே இல்லை. புருவத்தில் நாலைந்து தங்கத் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது.

"முகம் பூராவும் ஒன் பொடியும் ஒனக்குக் குடுத்த களிம்பும்தான்" என்றார், சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. "இந்தப் பக்கம் ஒன் சோப்பு. நெத்தியில குளிக்கிற சோப்பு. அந்தப் பக்கம் பாசிப்பயத்தம்மாவு. நாலாம் நாளே இந்தப் பக்கம் வாயைத் திறக்க முடியல."

"ஒரு வாரமா இந்த மூஞ்சியோடதான் நோயாளி பாக்குறாக" என்றார் மனைவி. "வர்றவுக எல்லாம் டாக்டருக்கே வந்திருச்சுன்னு ஓடுறாக. சொன்னாக் கேட்டாத்தானே!"

"எதுக்குய்யா இப்படிச் செஞ்சீக?" என்று கேட்டேன்.

"எரியுதுன்னு நீ சொன்ன. எம்புட்டு எரியுதுன்னு எனக்குத் தெரியல. தங்கப்பொடி போடுற பொம்பளை எப்படி மூஞ்சி கழுவணும்னு புத்தகத்துல ஒருத்தரும் எழுதி வைக்கலையே."

மனைவி ஒரு கிண்ணத்தோடு வந்து காட்டினார். பயத்தம்மாவை மெல்லிய துணியில் சலித்து, தண்ணீரில் மோர் மாதிரிக் கரைத்திருந்தார். முதலில் நல்லெண்ணெய் தொட்ட பஞ்சால் பொடியை ஒத்தி எடுக்க வேண்டும். பிறகு அந்தக் கரைசல், அப்புறம் பச்சைத் தண்ணீர். எங்கேயும் தேய்க்கக் கூடாது. துடைக்கும்போதும் துணியை ஒத்தித்தான் எடுக்க வேண்டும். களிம்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை, அதுவும் தோல் ஆறிய பிறகு. "நுரை வரலையேன்னு மறுபடி சோப்பைத் தேடிப் போயிராத" என்றார் டாக்டர்.

மன்னிச்சுக்கோங்க என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் யாரோ காலை மிதித்தார்கள், அன்றைக்கு ஒரு வார்த்தை நான் பேசவில்லை.

ஒன்றரை மாதம் ஆனது. கருப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகி, உள்ளேயிருந்து புதுத்தோல் வந்தது. பருவும் அடங்கியது. மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். பொடி போடுகிற பத்துப் பன்னிரண்டு பேரும் சோப்பை விட்டுவிட்டு எண்ணெய்ப் பஞ்சுக்கு மாறினோம்.

அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களைப் பார்த்துவிட்டேன், நல்லவர்கள்தான், கெட்டிக்காரர்கள்தான். ஆனால் வாசலில் நின்று கத்திய ஒருத்தியின் எரிச்சல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள, அதைத் தன் கன்னத்தில் வாங்கிப் பார்த்த ஒரு மனுஷன் இந்த மண்ணில் இருந்தார் என்பதை நினைத்தால், இந்த வயதிலும் என் கை தானாகக் கும்பிடுகிறது.