திரைக்கு முன்னால் ஓர் இருக்கை

கொச்சங்காடிச் சந்தில் பாதி தூரம் நடந்துவிட்டேன். பின்னால் மச்சான் செருப்பு தேயத் தேய ஓடிவந்தார். கிடங்கிலிருந்து அவ்வளவு தூரம் அவர் ஓடி நான் பார்த்ததில்லை.

"டேய், நில்லுடா. முதலாளி கேட்டது ஒத்த வார்த்தை. புளுன்னு சொல்லிட்டு வந்து சாக்கைத் தூக்கேன்."

"புளு இல்லையே மச்சான்."

"அது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அதனாலதான் சொல்லச் சொல்றாரு."

கொச்சி மட்டாஞ்சேரியில் பொய்யைப் புளு என்பார்கள். சாதாரணப் பொய் அல்ல, சாயாக்கடையில் நாலு பேர் கேட்க அவிழ்த்துவிடும் பெரிய பொய். மச்சான் என் அக்காவின் கணவர். அந்த மிளகுக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். அவர் சொல்லித்தான் எனக்கு அங்கே சாக்குத் தூக்கும் வேலை கிடைத்தது. மறுநாள் காலையில் நான் முதலாளி முன்னால் போய் நின்று, விமானத்தைப் பற்றி நான் சொன்னதெல்லாம் புளு என்று சொல்ல வேண்டும். சொன்னால் வேலை உண்டு. இல்லாவிட்டால் வாசல்படி ஏறக் கூடாது.

நான் சொன்னது உண்மை. விமானத்தில் முன்பக்கம், பிசினஸ் கிளாஸில் உட்கார்ந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டினேன்.

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுபதுகள் முழுக்க அலைச்சல்தான். பாலக்காட்டு ஹோட்டலில் எச்சில் இலை எடுத்தேன். மங்களூர் ஓட்டுச் சூளையில் மண் மிதித்தேன். பம்பாயில் துறைமுக வாசலில் படுத்துக் கிடந்து ஒருவழியாகக் கப்பல் ஏறினேன். கப்பலில் சமையல்காரரைப் பண்டாரி என்பார்கள். பண்டாரிக்கு வெங்காயம் உரிக்கிற ஆள் நான்.

எண்பதுகளின் நடுவில், அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் எங்கள் கப்பலைப் பிடித்துக் கட்டிப்போட்டார்கள். கப்பல்காரன் எங்கெங்கோ கடன் வைத்துவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். குளிர்காலம் அது. அறைகளில் சூடு நின்றுபோனது. அடுப்படியில்தான் எல்லோரும் ஒட்டிக்கொண்டு தூங்கினோம். கடைசி வாரங்களில் அரிசியும் உப்பும்தான். செத்துவிடவில்லை, அவ்வளவுதான். பிறகு எங்களை ஊருக்கு அனுப்பிவிடச் சொல்லி உத்தரவு வந்தது. ஏஜென்ட் அவசர அவசரமாக டிக்கெட் எடுத்தான். பண்டிகைக் கூட்டம். பின்பக்கத்து இருக்கைகளில் ஓர் ஆளுக்கு மட்டும் இடம் இல்லை. அன்றைக்கே நாட்டை விட்டு எல்லோரும் போயாக வேண்டும் என்பதால் அந்த ஒருவனுக்கு முன்பக்கம் எடுத்துவிட்டான். வரிசையில் கடைசியில் நின்றவன் நான்.

டிக்கெட்டில் பிசினஸ் என்று இருந்தது. மட்டாஞ்சேரிக்காரனுக்குப் பிசினஸ் என்றால் மிளகு, சுக்கு, ஏலம். என்ன பிசினஸ் என்று யாராவது கேட்டால் வெங்காயம் என்று சொல்ல வேண்டும் என முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனேன்.

யாரும் கேட்கவில்லை. ஆனால் பணிப்பெண் வந்து என் டிக்கெட்டை வாங்கிப் பார்த்தாள். கொஞ்சம் கழித்து இன்னொருத்தி வந்து பார்த்தாள். என் உடம்பில் அடுப்புப் புகை நாற்றம் இருந்தது, எனக்கே தெரிந்தது. கால்சட்டை யாரோ தானமாகக் கொடுத்தது, இடுப்பில் கயிறு கட்டி நிறுத்தியிருந்தேன். பக்கத்து இருக்கை வெள்ளைக்காரர் முழங்கையை உள்ளே இழுத்துக்கொண்டார். முதலில் வந்தவள் மறுபடி வந்து குனிந்தாள். உன் நண்பர்கள் எல்லாம் பின்னால் இருக்கிறார்களே, அங்கே போனால் உனக்குச் சௌகரியமாக இருக்கும், இடம் மாற்றிக்கொள்ள அங்கே ஒருவர் தயாராக இருக்கிறார் என்றாள். கப்பலில் கற்ற ஆங்கிலம் அதைப் புரிந்துகொள்ளப் போதுமானதாக இருந்தது.

அவள் கெட்டவள் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் எழுந்து போ என்பது எழுந்து போதான்.

"நோ. மை சீட்" என்றேன். டிக்கெட்டைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி செருகிவைத்தேன். அதன் பிறகு அவள் கேட்கவில்லை.

விமானம் மேலே ஏறியதும் தட்டு ஒன்றை ஏந்திக்கொண்டு வந்தாள். இடுக்கியால் எடுத்து என் முன்னால் வைத்தாள். வெள்ளை வெளேரென்று, உருண்டு நீண்டு, ஆவி பறக்கக் கிடந்தது. எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அது குழாய்ப் புட்டுதான். மாதக்கணக்கில் உப்புச்சோறு தின்ற வாயில் எச்சில் ஊறிவிட்டது. கடலையோ பழமோ கொண்டுவருவாள் என்று காத்திருந்தேன். வரவில்லை. சரி, வெறும் புட்டாவது தின்போம் என்று விரலால் உடைத்தேன். உடையவில்லை. அமுக்கினால் தண்ணீர் வந்தது. பக்கத்து வெள்ளைக்காரர் தன்னுடையதை விரித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். நானும் விரித்துத் துடைத்தேன். என் துவாலை கறுத்துப் போனது. அதை அவர் பார்த்தார். பார்க்கட்டும் என்று கழுத்தையும் காதையும் சேர்த்துத் துடைத்தேன்.

சாப்பாடு வந்து போனபின், முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் பிரிக்கிற திரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப்பார்த்தது. கப்பலில் என்னோடு இருந்த கொல்லத்துக்காரன்.

"எடா, நீ முதலாளி ஆயோ?"

"ஆயி. என்ன வேணும், கடன் வேணுமா?"

"கடன் வேண்டா. கறி எந்தா அங்கே?"

நான் பதில் சொல்வதற்குள் பணிப்பெண் அவனைத் திருப்பி அனுப்பித் திரையை இழுத்து மூடினாள். அதே கடலில் போகும்போது வாந்தி எடுத்துக்கொண்டே உருளைக்கிழங்கு சீவியவன் நான். இப்போது அதற்கு மேலே காலை நீட்டிக் கிடந்தேன். காலுக்கென்று தனியாக ஒரு பலகை எழுந்து வந்திருந்தது. இது எனக்குத் தகுமா என்ற கேள்வி எனக்கு வரவே இல்லை. அந்தக் குளிரில் கிடந்ததற்கு இது கூலியாகக்கூட ஆகாது.

லண்டனிலிருந்து பம்பாய்க்குப் பின்பக்கத்தில்தான் வந்தேன். அங்கிருந்து ரயில். அக்கா வீட்டில் வந்து விழுந்ததும் மச்சான் என்னைக் கிடங்கில் சேர்த்துவிட்டார். சாயா குடிக்கிற நேரத்தில் இந்தக் கதையைச் சொன்னேன். துவாலையைப் புட்டென்று ஏமாந்ததையும் ஒளிக்கவில்லை. சிரித்துச் சிரித்து ஒருவனுக்குப் புரை ஏறியது. அன்றிலிருந்து என் பேர் பிசினஸ். "ஏய் பிசினஸ், அந்தச் சுக்குச் சாக்கைத் தூக்கு" என்பார்கள். தூக்குவேன். கேலிதான், ஆனால் பொய்ப் பேர் இல்லையே.

அதற்குப் பிறகு எங்கள் முதலாளி மிளகு வாங்குகிறவர்களைப் பார்க்க அமெரிக்கா போய்வந்தார். திரும்பி வந்து பஜார் முழுக்க விமானத்தைப் பற்றியே பேச்சு. அன்று மதியம் எர்ணாகுளத்திலிருந்து ஒரு வியாபாரி வந்திருந்தார். மாடி அறையில் சாயாவும் பழம்பொரியும். என்னை மேலே கூப்பிட்டார்கள்.

"எடா பிசினஸ், சேட்டன் கேக்கட்டும், அந்தப் புட்டுக் கதையைச் சொல்லு" என்றார் முதலாளி.

சொன்னேன். வந்தவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே முதலாளி பக்கம் திரும்பினார்.

"அப்போ உங்களுக்கும் இந்தப் புட்டு கிட்டியோ?"

முதலாளி சாயாவை ஆற்றினார். கணக்கு நோட்டோடு ஓரமாக நின்ற மச்சான் சுவரைப் பார்த்தார். மச்சானின் முகத்தைப் பார்த்துத்தான் எனக்கு விளங்கியது. முதலாளிக்கு டிக்கெட் எடுத்தது மச்சான். அது பின்பக்கத்து டிக்கெட், அங்கே சூடான துவாலை கிடையாது.

"இவன் அங்கே உட்கார்ந்ததே இல்லை" என்றார் முதலாளி. "கப்பல்ல வெங்காயம் உரிக்கிறவனை எவன் முன்னால உட்கார வைப்பான்? சும்மா சிரிக்கத்தான் விட்டுவெச்சேன். எல்லாம் புளு. சொல்லுடா, புளுன்னு."

"சொல்ல மாட்டேன் முதலாளி."

"பின்னே?"

"துவாலை புட்டு இல்லைன்னு வேணா ஒத்துக்கறேன். சீட்டு என்னுதுதான்."

வியாபாரி மறுபடி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் முதலாளிக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை வரை தவணை கொடுத்து என்னை வெளியே போகச் சொன்னார். நான் இறங்கி வந்துவிட்டேன்.

சந்தில் மச்சான் மூச்சு வாங்க நின்றார்.

"உனக்கென்னடா, ஒத்தக்கட்டை. எங்கேயாவது போவே. நான் இங்கேதானே கிடக்கணும்? டிக்கெட்டு எடுத்தது நான்னு அவருக்கு ஞாபகம் வந்தா?"

அதில் நியாயம் இருந்தது. நான் போய்விட்டால் முதலாளியின் கோபம் அவர் மேல்தான் விழும்.

"அவன் என் பேச்சையும் கேக்கலை, கிறுக்கன், வீட்டை விட்டே துரத்திட்டேன்னு சொல்லுங்க மச்சான்."

"அதுதாண்டா புளு" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவர் கை என் சட்டையை விடவில்லை.

வீட்டில் அக்காவிடம் மச்சானே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கப்பைக் கிழங்கும் மீன்கறியும் எடுத்துவைத்துக்கொண்டே கேட்டாள்.

"நீ முன்னாடி உட்கார்ந்தியா, இல்லையா?"

"உட்கார்ந்தேன்க்கா."

"பின்னே எதுக்கு இல்லேங்கணும்? இந்த வீட்டுக்குத் தலையாட்ட இவரு ஒருத்தர் போதாதா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "போதும், சாப்பிடு" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மச்சான் தன் தட்டிலிருந்த மீன்தலையை எடுத்து என் தட்டில் வைத்தார். அதன்பின் அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. முதலாளியிடம் என்ன சொன்னார் என்று நானும் பிற்பாடு கேட்டுக்கொள்ளவில்லை. அவருடைய வேலை போகவில்லை.

காலையில் அவர் கிடங்குக்குக் கிளம்புமுன் நான் கிளம்பினேன். வலப்பக்கம் திரும்பினால் கிடங்கு. இடப்பக்கம் பஸ். இடக்கொச்சியில் இறங்கி, இறால் கம்பெனி ஒன்றின் கொட்டகை வாசலில் போய் நின்றேன். மேஸ்திரி காதில் பீடி செருகிக்கொண்டு ஐஸ் லாரி இறக்கிக்கொண்டிருந்தார்.

"முன்னே எங்கே வேலை?"

"மிளகுக் கிடங்குல. அதுக்கு முன்னாடி கப்பல்ல."

"கிடங்கை எந்தினு விட்டே?"

"விமானத்துல முன்சீட்டுல உட்கார்ந்து வந்தேன். இல்லேன்னு சொல்லச் சொன்னாங்க. சொல்லலை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். லாரியில் ஐஸ் உருகிக்கொண்டிருந்தது.

"இங்கே ஒரு சீட்டும் இல்லெடா. ஐஸ் பொக்குவியோ?"

"தூக்குவேன்."

ஒரு சாக்கை மடித்து என்னிடம் எறிந்தார். தோளில் போட்டுக்கொண்டு முதல் கட்டியைத் தூக்கினேன்.