துரைக்குச் சூடம், எனக்குத் தட்டு

எங்கள் விருத்தாசலம் பள்ளிக்கூடம் வெள்ளைக்காரன் காலத்தது. ரயில் வேலைக்கு வந்த ஒரு துரை ஆரம்பித்ததாம். உயரமான தூண்கள், மரப்படிகள், கண்ணாடிச் சட்டத்துக்குள் துரையின் படம். எதைக் கேட்டாலும் அந்தத் துரையைத்தான் இழுப்பார்கள். பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று போய்ச் சொன்னால், "இது பாரம்பரியமான ஸ்கூலும்மா" என்பார் தலைமையாசிரியர். பாரம்பரியத்துக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிறுவனர் நாளில் அந்தப் படத்துக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் உண்டு. கோட்டும் டையும் போட்ட மனிதரை முழுச் சாமியாகவே ஆக்கி வைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்பில் பள்ளி முதலாக வந்தவர் மேடையேறி, துரை கொண்டுவந்த வெண்கல மணியை அடிக்க வேண்டும். பிறகுதான் சூடம் ஏற்றுவார்கள். அந்த வருடம் முதலாவதாக வந்தது நான்.

அப்பா செராமிக் கம்பெனியில் சூளைக்குள் சாமான் அடுக்குகிறவர். நான் மணி அடிப்பதைப் பார்க்க லீவு போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

மேடையில் ஏறியதும் தலைமையாசிரியர் என் கையில் ஆரத்தித் தட்டைக் கொடுத்தார். "மணிய ரெண்டாவதா வந்த பையன் அடிக்கட்டும். பொம்பளப் புள்ளைங்க அடிச்சுப் பழக்கமில்ல. நீ தட்டப் புடிச்சிக்க."

பழக்கம் எங்கிருந்து வரும்? சில வருடங்களுக்கு முன்புவரை இவர்கள் பெண்பிள்ளைகளைப் பள்ளியிலேயே சேர்க்கவில்லை. உள்ளேயே விடாமல் வைத்திருந்துவிட்டு, எவளும் அடித்ததில்லை என்கிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"நான்தான சார் ஃபர்ஸ்ட்டு?"

"எதுத்துப் பேசாத."

"அப்ப தட்டும் புடிக்க மாட்டேன்" என்று தரையில் வைத்துவிட்டேன். மைக்கில் எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

அப்பா எழுந்து வேகமாக வந்தார். எனக்காகக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். அவரோ படிக்கட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, தலைமையாசிரியர் முன்னால் கைகூப்பினார்.

"சின்னப் புள்ள சார், தெரியாம பேசிடுச்சு. டிசி மட்டும் குடுத்துடாதீங்க."

தலைமையாசிரியர் அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துத் தலையசைத்தார். மணி அடித்தது. நான் வைத்த தட்டை அப்பா குனிந்து எடுத்துக்கொண்டார். அதில் சூடம் ஏற்றினார்கள். சூளைச் சூட்டில் காய்த்துப்போன கைகளால் அதைத் துரையின் படத்துக்கு நேராகப் பிடித்தபடி, என் பக்கம் திரும்பினார்.

"கும்புட்டுடும்மா. அப்பாவுக்காக."

கும்பிட்டேன். அந்தப் பள்ளிக்கூடத்தை இன்றுவரை நான் மன்னிக்காமல் இருப்பதும் அப்பாவுக்காகத்தான்.