துறைமுகத்தின் மேல் ஒரு புளியங்கொட்டை

எங்கள் சாப்பாட்டு மேஜையின் கண்ணாடிக்கு அடியில் ஒரு தீவு இருக்கிறது. கரிபியன் கடலில் கிடக்கும் ஒரு சின்னத் தீவின் வரைபடம் அது. காலையில் காரில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் அந்தத் தீவை முழுக்கச் சுற்றி வந்துவிடலாம். கண்ணாடியின் ஓரமாக ரசம் கசிந்து உள்ளே இறங்கியதில் மேற்குக் கடல் மஞ்சளாகிவிட்டது. அந்த மஞ்சள் கடலை ஒட்டிய துறைமுகத்துக்கு நேர் மேலே, கண்ணாடியின் மீது ஒரு புளியங்கொட்டை. மேஜையைத் துடைக்கும்போது அதை எடுப்பேன், துடைத்ததும் அதே இடத்தில் வைப்பேன். வீட்டுக்கு வருபவர்கள் கேட்டால், டாக்டரின் அம்மா வைத்த கொட்டை என்பேன். அதற்கு மேலும் கேட்பவர்களை உட்காரவைத்துக் காபி போடுவேன்.

மேஜையும் டாக்டருடையதுதான். அறுபதுகளின் கடைசியில், கல்யாணமான கையோடு நான் மொன்ட்ரியாலுக்கு வந்தபோது, கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் எதிர் வீட்டில் இருந்தவர் அவர். பக்கத்து ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஏன் என்று கேட்பதற்கு நம்மவர்கள் எங்கே போனாலும் இருப்பார்களே. அவர்களிடம், "நான் பக்கத்துல வந்தாலே எல்லாரும் தூங்கிடறாங்க, என்ன பண்றது?" என்பார். கேட்டவர் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியை மறந்துவிடுவார். குளிர்கோட்டின் பொத்தானைக் கூடச் சரியாகப் போடத் தெரியாமல் வந்து இறங்கிய எனக்கு அந்த ஊரில் முதலில் கிடைத்த சிநேகிதி அவர்தான். எங்கள் இரண்டு வீட்டுக் கதவுகளும் பகல் முழுக்கத் திறந்தே இருக்கும்.

டாக்டர் ஒரே பெண். அப்பா போய்விட்டார். அம்மா கும்பகோணத்தில் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். அவரை ஒரு வருஷம் தீபாவளிச் சமயத்தில் அழைத்து வந்தார் டாக்டர். வந்த வாரமே பனி கொட்ட ஆரம்பித்தது. அந்த அம்மா சும்மா உட்காருகிற ரகம் இல்லை. சுவரோரத்தில் புஸ் புஸ் என்று சுடும் ஹீட்டரின் மேல் துணி விரித்து வத்தல் போட்டார். அந்தக் கட்டடத்தின் சரித்திரத்திலேயே முதல் தடவையாக மாடிப்படி முழுக்கச் சுண்டைக்காய் வாசனை வீசியது. ஆனால் ஜன்னலைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை. இரட்டைக் கண்ணாடி, இடுக்குகளில் குளிர் வராமல் ஒட்டிய பட்டை. தினமும் காலையில் அதன் முன் நின்று கைப்பிடியைத் திருகிப் பார்ப்பார். பொங்கல் முடிந்ததும், ஊருக்கு அனுப்பிவிடு என்று கேட்டுவிட்டார். விமான நிலையத்தில் அவர் மகளிடம் சொன்னது எனக்குக் கேட்டது. "வீட்டுக்குள்ள இருக்கேன்னு தெரியுது பாப்பா. ஊர்ல இருக்கேன்னு தெரியல."

திரும்பி வரும்போது காரில் டாக்டரிடம், பேசாமல் நீங்களே ஊருக்குத் திரும்பிவிடலாமே என்று நான் விவரம் தெரியாமல் ஆரம்பித்தேன். அங்கே போனால் நான் டாக்டர் இல்லை, கல்யாணமாகாத பெண் என்றார் அவர். ஆனால் அம்மாவும் மகளும் ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். ஜன்னலைத் திறந்து வைக்கக்கூடிய ஓர் ஊர் உலகத்தில் எங்கேயாவது இருக்காதா என்று தேட ஆரம்பித்தார். அவருடைய ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த ஒரு நர்ஸ் அந்தச் சின்னத் தீவில் பிறந்தவர். அங்கே மயக்க மருந்து டாக்டரே கிடையாது, பிரெஞ்சு தெரிந்தவர் என்றால் தலைமேல் வைத்துக் கொண்டாடுவார்கள் என்று அவர் சொல்ல, டாக்டர் எழுதிக் கேட்டார். வேலை கிடைத்தது. நர்ஸ் வரைபடத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். தீவில் எங்கே குடியிருப்பது என்பதுதான் பாக்கி.

அடுத்த பனிக்காலம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டிலும் அதுதான் பேச்சு. ஊரிலிருந்து வந்த புளியில் எடுத்த மூன்று கொட்டைகளை, வீட்டுக்கு ஒன்றாக, வரைபடத்தை மூடிய கண்ணாடி மேல் வைத்திருந்தார் டாக்டர். ஒன்று மலைமேல், ஜாதிக்காய்த் தோட்டத்து நடுவில் இருந்த பழைய பங்களா. இன்னொன்று கிழக்குக் கரையில், நாலு பக்கமும் ஜன்னல் வைத்த வீடு. மூன்றாவது, ஆஸ்பத்திரிக்கு அருகில் இருக்கிறதே என்று பேருக்கு வைத்தது. துறைமுகத்தில், படகுத்துறைக்கு எதிரே, மளிகைக் கடைக்கு மேலே இரண்டு அறை. டாக்டரின் மனசு கிழக்குக் கரையில்தான் இருந்தது. மெட்ராஸில் படித்தவருக்குக் கடல் என்றால் கிழக்கில்தானே இருக்க வேண்டும். காலையில் அம்மா எழுந்து ஜன்னலைத் திறந்தால் கடலிலிருந்து சூரியன் வரும், காற்று வரும் என்று சொல்லிச் சொல்லி எங்களையும் அந்த ஜன்னலில் நிற்க வைத்துவிட்டார். இன்ஜினியரான என் கணவர் மட்டும் அசையவில்லை. ஓயாமல் கடல்காற்று அடிக்கும் பக்கம் அது, ஒரே வருஷத்தில் கதவுக் கீல் எல்லாம் உப்பில் அரித்துவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். கீலைப் பற்றி யாருக்குக் கவலை என்று நானும் டாக்டரும் அவரைச் சமையலறைக்குத் துரத்தினோம்.

சனிக்கிழமைகளில் யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வருவார். கணக்காளர், மெல்லிய குரல், எங்கள் சாம்பாருக்குக் காரம் போதாது என்று வாராவாரம் சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை போட்டுக்கொள்பவர். யாழ்ப்பாணத்துக்கு அருகே ஒரு குட்டித் தீவுதான் அவர் பிறந்த ஊர். ஆகவே இந்த விஷயத்தில் தனக்குத்தான் முதல் உரிமை என்று நினைத்தார், அதில் தப்பும் இல்லை. "தீவில வீடு பாக்கிறதெண்டால் முதல் தண்ணியைக் குடிச்சுப் பாருங்கோ. காத்து, காட்சி எல்லாம் பேந்து" என்பார். கிணறா, மழைத்தண்ணீர்த் தொட்டியா, தொட்டிக்கு மூடி உண்டா என்று அவர் அடுக்கிய கேள்விகளை டாக்டர் அந்த நர்ஸிடம் கேட்டுக் கேட்டு, நர்ஸ் ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கண்டால் ஒளிய ஆரம்பித்தார்.

இத்தனைக்கும் நடுவில் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களில் டாக்டர் 'தீவு' என்ற சொல்லைப் போடவில்லை. மறைக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை, 'கடலோர ஊர்' என்பது கேட்க இதமாக இருந்தது, அவ்வளவுதான். வேதாரண்யம் மாதிரி ஓர் இடம் என்று அந்த அம்மாவும் நினைத்துக்கொண்டார். வருகிறேன் என்று பதில் எழுதினார். பனி உருகி, மரங்கள் தளிர்த்து, எங்கள் கட்டடத்தின் ஜன்னல்களும் திறந்துகொண்ட கோடையில் வந்து இறங்கினார். இங்கே கொஞ்ச நாள் இருந்துவிட்டு, தாயும் மகளும் சேர்ந்து புறப்படுவதாக ஏற்பாடு.

அந்தச் சனிக்கிழமை அந்த அம்மா உளுந்துவடை சுட்டிருந்தார். அண்ணை வடையைக் கையில் வைத்துக்கொண்டு, வயதானவருக்குத் தைரியம் சொல்வதாக நினைத்து, "ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ அம்மா. நானும் தீவான்தான்" என்றார். அவர் ஊர்ப்பக்கத்தில் தீவுக்காரர்களை அப்படிக் கேலியாகக் கூப்பிடுவார்களாம். அந்தக் கேலியை அவர் பதக்கம் மாதிரி அணிந்திருந்தார். அந்த அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். தீவா என்று கேட்டார். வரைபடத்துக்கு அருகில் வந்து, அந்தப் பச்சைத் துண்டைச் சுற்றி நாலு பக்கமும் இருந்த நீலத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினார். பிறகு மகளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ என்ன தப்பு பண்ணின பாப்பா? எதுக்கு உன்னைத் தீவாந்திரம் அனுப்புறாங்க?"

நாங்கள் சிரித்துவிட்டோம். அந்தக் காலத்து மனுஷிக்குத் தீவு என்றாலே வெள்ளைக்காரன் ஆயுள் கைதிகளை அனுப்பிய தீவாந்திரம்தான் ஞாபகம் வருகிறது என்று நினைத்துச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்து, மகளிடம் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய தாய்மாமன், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஓர் ஆளை வெட்டிவிட்டுத் தீவாந்திரம் போனவர். இவர் அப்போது சின்னக் குழந்தை. இவருடைய அம்மா, தம்பி வருவான் என்று சாகிற வரைக்கும் வாசல் விளக்கை அணைக்க விடவில்லையாம். பெண் கொடுத்து எடுக்கிற குடும்பத்தில் இதையெல்லாம் வெளியே சொல்வார்களா? டாக்டருடைய அப்பாவுக்கே கடைசி வரைக்கும் தெரியாதாம். "ஏத்திவிட்ட கப்பல் எதுன்னு எல்லாருக்கும் தெரியும். திரும்பற கப்பல் எதுன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று முடித்தார்.

டாக்டர் மூன்று புளியங்கொட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டார். வேலைக்கு வரவில்லை என்று எழுதிவிடுவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணையைப் பார்க்கவே பாவமாக இருந்தது. வடையை அப்படியே வைத்துவிட்டு, தான் வாயைத் திறந்திருக்கக்கூடாது என்று என்னிடம் முணுமுணுத்தபடி செருப்பைத் தேடினார். இனி அந்த அம்மா கும்பகோணத்துக்கும், டாக்டர் இந்த இரட்டைக் கண்ணாடிக்குள்ளும்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மறுநாள் ஞாயிறு. மனசு மாறட்டும் என்று என் கணவர் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு, பாலத்தைத் தாண்டி, புரோசார்ட் என்ற ஊருக்கு அப்பால் ஒரு பண்ணையில் மக்காச்சோளம் வாங்கக் கிளம்பினார். அந்தப் பக்கமெல்லாம் அப்போது பாதி வயல்தான். பாலத்தின் நடுவில் வந்தபோது, காவிரியைப் பார்த்து வளர்ந்த அந்த அம்மா, இது என்ன ஆறு, இத்தனை அகலம் என்று கேட்டார். என் கணவருக்கு ஒரு கேள்வி கேட்டால் போதும். ஆற்றின் பெயரில் ஆரம்பித்து, மொன்ட்ரியாலே நாலு பக்கமும் ஆறு சூழ்ந்த தீவுதான் என்பதில் வந்து முடித்தார். அண்ணை செய்த காரியத்தையே இவரும் செய்துவிட்டாரே என்று நான் பின்னாலிருந்து அவர் தோளைக் கிள்ளினேன். அந்த அம்மா ஆற்றை எட்டிப் பார்த்தார். பிறகு, அப்படியானால் போன தடவையே தான் தீவாந்திரம் போய்விட்டுத் திரும்பிவிட்டதாகச் சொன்னார். டாக்டர் முதலில் சிரித்தார், பிறகு நாங்களும் சிரித்தோம். அந்த அம்மா மட்டும் பாலத்தின் இரும்புக் கம்பிகள் ஓடுவதையே பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பும்போதும் அப்படியேதான்.

வீட்டுக்கு வந்து சோளத்தை உரிக்கக்கூட உட்காரவில்லை. நேராக மேஜைக்குப் போனார்.

"கப்பல் எங்க நிக்கும்?"

"எந்தக் கப்பல்மா?"

"வெளிய போற கப்பல்."

டாக்டர் துறைமுகத்தைக் காட்டினார். அந்த அம்மா கிண்ணத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்து அங்கே வைத்தார். அங்கே இரைச்சல், மீன் நாற்றம், கிழக்குப் பக்கம் எத்தனை நல்ல காற்று என்று டாக்டர் மன்றாடினார். நாற்றம் பழகிவிடும் என்றார் அம்மா. அப்புறம் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நான் போகணும்னு கேக்கல பாப்பா. போகலாம்னு தெரிஞ்சா இருந்துடுவேன்."

அப்படித்தான் முடிவானது. ஒரு பனிக்காலம் முழுக்க நாங்கள் ஆராய்ந்த காற்றும் கீலும் ஜன்னலும் ஒரு நிமிஷத்தில் அடிபட்டுப் போயின. செய்தி கேட்டு அண்ணைக்கு உயிர் வந்தது. ஆனாலும், "கடைசியில தண்ணியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை" என்று குறைப்பட்டுக்கொண்டார். மேஜையை எங்களுக்கு விட்டுவிட்டு இருவரும் கிளம்பினார்கள். வரைபடத்தை எடுத்துக் கொடுக்கப் போனேன். தீவுக்கே போகிறவர்களுக்கு அது எதற்கு என்றார் டாக்டர்.

எழுபதுகளின் பிற்பகுதியில், ஒரு பனிக்காலத்தில், குழந்தைகளோடு அங்கே போனோம். கடைக்கு மேலே மர வராந்தா. கீழே வாழைத்தார்களும் மூட்டைகளும் ஆட்களின் கூச்சலும். எல்லா ஜன்னலும் திறந்திருந்தன. ஹீட்டர் இல்லாமலே வத்தல் காய்ந்தது. அந்த அம்மாவுக்கு ஒவ்வொரு படகின் சங்கும் அத்துப்படி, எது எந்தத் தீவுக்குப் போகிறது, எது தாமதம், எதன் மாலுமிக்குக் கல்யாணம் என்பது உட்பட. கிழக்குக் கரை வீட்டின் கதவு கீலோடு விழுந்த கதையை டாக்டர் சொன்னபோது என் கணவர் முகத்தில் வந்த பெருமையை நான் வேறெப்போதும் பார்த்ததில்லை. பக்கத்துத் தீவுக்கு ஒருநாள் போய்விட்டு வரலாம் என்று நாங்கள் கூப்பிட்டோம். நீங்கள் போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா வராந்தாவில் இருந்தே கையசைத்தார்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து அவர் அங்கேயே போய்ச் சேர்ந்தார். டாக்டர் தொலைபேசியில் சொன்னார், அம்மா அந்தப் படகுகளில் ஒன்றில்கூட, ஒரு முறைகூட ஏறவில்லையாம். எத்தனையோ தடவை கூப்பிட்டும், "அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்று சொல்லிவிடுவாராம். இதைச் சொல்லும்போது டாக்டர் அழவில்லை. போனை வைத்துவிட்டு நான்தான் இந்த மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

என் கணவரும் போய் வருஷங்களாகின்றன. முதியவர்களுக்கான அடுக்குமாடி ஒன்றில் எனக்கு வீடு பார்த்திருக்கிறான் மகன், புரோசார்டில், அன்று நாங்கள் சோளம் வாங்கிய வயல் இருந்த திசையில்தான். போன வாரம் வந்து, அந்தக் கட்டடத்தின் மாடி வரைபடத்தை இதே கண்ணாடியின் மேல் விரித்தான். ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு வீடு, முழுக்கக் கண்ணாடி, நகரத்து விளக்குகளெல்லாம் தெரியும் என்றான். பின்பக்கம் இன்னொன்று காலியாக இருந்தது. அது வேண்டாம், கீழே சாலை, ஒரே சத்தம் என்றான்.

பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

"பஸ்ஸா? அந்தப் பின்பக்கத்துச் சாலையிலதான். நீங்க எங்கம்மா போகப் போறீங்க? நான்தான் கார்ல வந்து கூட்டிட்டுப் போவேனே."

"எங்கயும் போகலடா" என்றேன். துறைமுகத்திலிருந்த புளியங்கொட்டையை எடுத்து, பின்பக்கத்து வீட்டின் மேல் வைத்தேன். பாலத்தைத் தாண்டுகிற பஸ் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கிறது.