இரண்டு கல்லறைக்காரன்

செஞ்சியில் ஒருவர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டால் அது கைக்கு வருவதற்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஓய்வு பெற்ற எலிசபெத் டீச்சர் போர்ச்சுக்கல் நாட்டில் போய்த் தங்குவதற்கு விசா போடுகிறார் என்ற சேதியும் அப்படித்தான் திண்டிவனம் ரோடு டீக்கடைகளில் சுற்றி வந்தது. "காடு வா வாங்குற வயசுல சீமை கேக்குது பாரு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் அப்படிப் பேசியவர்களில் ஒருத்தருக்குக்கூட அந்தச் சீமையில் படுத்திருப்பது யார் என்பது தெரியாமல் இல்லை. தெரிந்தே பேசுகிற வாயை என்ன செய்வது?

படுத்திருப்பவன் ராபர்ட். டீச்சருக்கு ஒரே பிள்ளை. புருஷன் சீக்கிரமே போய்விட, தனியாளாக வளர்த்த பிள்ளை. போர்ச்சுக்கலில் கடலோரத்துச் சின்ன ஊர் ஒன்றில், ஓட்டல் சமையல்கட்டில் வேலை பார்த்தான். கொரோனா சமயத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பவில்லை. விமானங்கள் நின்றிருந்த காலம். கூட வேலை பார்த்த அவலூர்பேட்டை பிரிட்டோ போனில் அழுதான். "அம்மா, இங்கயே அடக்கம் பண்ணிடலாமான்னு கேக்கறாங்கம்மா." டீச்சர் "பண்ணிடுங்கப்பா" என்றார். பெற்றவளே சொன்ன அந்தச் சொல்லை இன்றுவரை அவரால் மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றவாவது ஒரு இடம் வேண்டாமா என்று உறவுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் ராபர்ட்டின் உடுப்புகளை ஒரு பெட்டியில் வைத்து, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவன் அப்பாவுக்குப் பக்கத்தில் புதைத்தார்கள். மேலே சிலுவை நட்டு அவன் பெயரையும் எழுதினார்கள். நல்லதை நினைத்துத்தான் செய்தார்கள்.

அன்று சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. கோயில் மணி ஓய்ந்த கொஞ்ச நேரத்தில் கேட்டின் கொக்கி விழும் சத்தம். பிறகு வாசற்படி வரைக்கும் யாரோ நடந்து வரும் சத்தம். கதவைத் திறந்தால் ஆளில்லை. காற்று என்றார்கள். காற்று எந்த ஊரில் படி ஏறி வருகிறது? மறுநாளும் வந்தது, அதற்கு மறுநாளும் வந்தது. டீச்சர் நெஞ்சு படபடக்கக் கதவைத் திறப்பதும் பிறகு மூடுவதுமாகச் சாயங்காலங்கள் போயின.

நாத்தனார் லில்லிதான் காரணம் கண்டுபிடித்தாள். "ஒருத்தனுக்கு ரெண்டு குழி வெட்டிட்டோம் அண்ணி. எது தன்னுதுன்னு தெரியாம அலையறான். அமாவாசைக்கு மேல்மலையனூர் போயிட்டு வரலாம். பங்குச் சாமியாருக்குத் தெரியவா போவுது?"

டீச்சர் போகவும் போனார். ஸ்பெஷல் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்காளம்மன் கோயில் கூட்டத்தில் தலைவிரித்து ஆடுகிற பெண்களைப் பார்த்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். பேய் ஓட்டத்தான் அங்கே வருகிறார்கள். பெற்ற பிள்ளையை ஓட்டுவதற்கு அவருக்கு மனசு வரவில்லை.

உடம்பு எங்கே கிடக்கிறதோ தானும் அங்கேயே போய் இருந்துவிடுவது, இங்கே உள்ள கல்லறையைத் தோண்டி இல்லாமல் செய்துவிடுவது என்று அப்போது முடிவு செய்தார். அதன்பிறகு அவன் அலைய வேண்டியதில்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் டிராவல்ஸ் வைத்திருக்கும் ஜீஷான் அவரிடம் படித்தவன். "டூரிஸ்ட் விசால போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன் டீச்சர்" என்றான்.

"பாத்துட்டு மறுபடியும் விட்டுட்டு வரவா தம்பி?"

ஜீஷான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். ஓய்வு பெற்றவர்கள் சொந்த வருமானத்தில் அங்கேயே தங்கிக்கொள்ள ஒரு விசா இருப்பதைத் தேடி எடுத்தான். பென்ஷனும் இரண்டு கடை வாடகையும் அதற்குப் போதுமானதாக இருந்தது. போலீஸ் சர்ட்டிபிகேட்டுக்கு நடையாய் நடந்தார்கள். அங்கே ஒரு அறையை பிரிட்டோ வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தான். விண்ணப்பத்தில் எதற்காக வருகிறீர்கள் என்ற கேள்விக்கு நல்ல சீதோஷ்ணம், அமைதியான கடற்கரை என்று ஜீஷானே இங்கிலீஷில் அடித்துக் கொடுத்தான். "கல்லறை கில்லறைன்னு மட்டும் வாயைத் தெறந்துடாதீங்க. மனசு சரியில்லாதவங்கன்னு தள்ளிடுவாங்க."

நேர்காணலில் ஒரு பெண் அதிகாரி அதைப் படித்துவிட்டு, எத்தனையோ கடற்கரை இருக்க இந்தச் சின்ன ஊர் எதற்கு என்று கேட்டார். ஜீஷான் அடித்துக் கொடுத்த பொய் டீச்சர் வாயில் வரவில்லை. பொய் சொன்ன பிள்ளைகளை முட்டி போட வைத்தே காலம் தள்ளியவர் அவர். "என் மகனை அங்கே புதைத்திருக்கிறார்கள். அவன் குழியில் நான் இன்னும் ஒரு பிடி மண் போடவில்லை" என்று இங்கிலீஷிலேயே சொல்லிவிட்டார். அந்த அதிகாரி காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, நீங்கள் போகலாம் என்றார். விஷயம் தெரிந்து ஜீஷான் தலையில் அடித்துக்கொண்டான். இனி கிடைக்காது என்றே டீச்சரும் நினைத்தார். ஆனால் விசா வந்துவிட்டது.

கிளம்புவதற்கு முந்தின வாரம், பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டு, ஊர்க் கல்லறையைத் திறக்கப் போனார். லில்லியும் கூட வந்தாள். குழி வெட்டுகிற தோமினிக் சிலுவையைப் பிடுங்கிச் சாய்த்துவிட்டுத் தோண்டினான். பெட்டி உளுத்துப் போயிருந்தது. சட்டை எது, மண் எது என்று தெரியவில்லை. திடீரென்று அவன் குனிந்து எதையோ கையால் துழாவி எடுத்தான். இரண்டு ரப்பர் செருப்பு. வார்கூட அறுந்திருக்கவில்லை.

"யாரு பொட்டியில செருப்பு வெச்சது?" தோமினிக்கின் குரல் ஏறியது. "மண்ணுக்குப் போறவங்கள வெறுங்காலோடதான் அனுப்பணும்னு தெரியாதா? செருப்பு குடுத்தா நடந்து வூட்டுக்கு வந்துடுவாங்களே!"

லில்லி வாயைப் பொத்திக்கொண்டாள். உடம்பு இருந்திருந்தால் காலைப் பார்த்ததுமே யாராவது கழற்றி எறிந்திருப்பார்கள். உடுப்பு மட்டும் இருந்த பெட்டியில் அதையெல்லாம் யார் பார்த்தார்கள்?

"நாந்தான் வெச்சேன்" என்று செருப்பைக் கையில் வாங்கிக்கொண்டார் டீச்சர். "அவனுக்குச் சின்ன வயசுலேர்ந்தே கால் சூடு தாங்காது."

தோமினிக்கின் கோபம் தணிந்துவிட்டது. "இப்படிக் குடுங்க டீச்சர். கொளுத்திடறேன். இன்னியோட நின்னுடும். நீங்களும் நிம்மதியா போவலாம்."

டீச்சர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இந்த நிம்மதிக்காகத்தானே இத்தனை அலைச்சலும்? ஆனால் இது எரிந்துவிட்டால் எந்த ஊரிலும் அவன் நடந்து வரமாட்டான். அங்கே போனால் பெயர் எழுதிய கல் இருக்கும், அதற்குக் கீழே எலும்பு இருக்கும். பயந்து பயந்து கதவைத் திறந்த அந்தச் சாயங்காலங்கள்தான் தனக்கு மிச்சமிருந்த பிள்ளை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

முந்தானையால் செருப்பின் மண்ணைத் துடைத்தார்.

"வேணாம் தோமினிக்கு. இத வாசல்ல வெச்சுக்கறேன்."

"எந்த வாசல்ல அண்ணி?" என்று பதறினாள் லில்லி. "வூட்டத்தான் பூட்டிட்டுப் போறீங்களே."

"அங்க எடுத்திருக்கிற ரூமு வாசல்ல. புது எடம் லில்லி. அம்மா எந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கறாள்னு புள்ளைக்குத் தெரியணும் இல்ல?"