"மருந்து ஊத்துனீங்களாக்கா?"

கடலே இல்லாத போடியில் வீட்டுத் தொட்டியில் கடல் மீன் வளர்ப்பது எதற்கு என்று கேட்பவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள். நான் நல்ல மனநிலையில் இல்லை.

காலையில் பார்த்தால் தொட்டியில் இரண்டு இறாலும் மல்லாந்து கிடக்கின்றன. நேற்றுவரை விரிந்திருந்த பவளம் சுருங்கிவிட்டது. மீன் மூலையில் ஒதுங்கி மூச்சு வாங்குகிறது.

மதுரை மீன்கடைக்காரருக்குப் போன் போட்டேன்.

"தண்ணியில மருந்து ஏதும் ஊத்துனீங்களாக்கா?"

"ஒரு சொட்டுக்கூட இல்லண்ணே."

தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "நேத்து மலையில ஏலச்செடிக்கு மருந்தடிச்சிட்டு வந்தேன்ல? பவளம் சாஞ்சு கெடந்துச்சு. நான்தான் கையை விட்டு நிமித்தி வச்சேன்."

"அந்தக் கையோடயா?"

"கழுவிட்டுத்தான் விட்டேன்."

கடைக்காரருக்கு அது கேட்டுவிட்டது. "கழுவுனாலும் முழுசாப் போகாதுக்கா. இறாலு தாங்காது. வெரசா தண்ணிய மாத்துங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அவர் அதே கையால் அடுத்த தோசையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். பதினைந்து வருஷமாக மருந்தடிக்கிற கை.

வாளியில் புது உப்புத் தண்ணீர் கலக்கவைத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

மீனுக்குத் தண்ணீரை மாற்றிவிடுவேன். இவருக்கு எதை மாற்றுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.